மடியில் ஒரு தூக்குவாளி

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலங்கும், பிறகு வாய் ஓடும். வாய் ஓடுவதைப் பார்த்துவிட்டு ஊரில் எனக்கு நக்கல்காரன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வயிறு கலங்குவது என் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அவளும் மூன்று வருஷமாகப் பழநியில் இருக்கிறாள்.

வடகவுஞ்சிக்குப் பிரிகிற பாதைக்குக் கொஞ்சம் மேலே, பழநி ரோட்டின் ஒரு வளைவில் என் டீக்கடை. முன்னால் அடுப்பு, பின்னால் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு ஓர் அறை. பக்கத்துப் பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வருஷம் முழுக்க விழுந்துகொண்டிருக்கும். மனைவிக்கு முழங்கால் தேய்மானம். குளிர் ஆகாது என்று டாக்டர் சொன்னார். அதே மாதம் பழநியில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. "குளிர் கொறைஞ்சதும் வந்துர்றேன்" என்று சொல்லிப் போனாள். எங்கள் மலையில் குளிர் குறைவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்ததை எதற்குச் சொல்லிக்கொண்டு என்று விட்டுவிட்டோம்.

நீயும் கூடப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் என் மகள் வீட்டைப் பார்த்ததில்லை. அங்கே நான் உட்கார்ந்தால் மருமகன் எழுந்து நிற்க வேண்டும். அவர் உட்கார்ந்தால் நான் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். ஒரே வாரத்தில் ஒன்பது தடவை மலையேறி முருகனைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவருக்கே அலுத்திருக்கும். கடையில் மட்டும்தான் நான் ஒரு ஆள். அது போய்விட்டால் யாரோ ஒருவர் வீட்டில் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிற சாமான். கடைக்குப் பூட்டு விழுந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே பெரிய பயம். மற்றதெல்லாம் சில்லறைப் பயம்.

மலையில் எங்களுக்கு ஒரு வழக்கம். கீழே இருக்கும் சொந்தக்காரருக்கு எதையாவது கொடுக்க வேண்டுமென்றால் ஆள் போக வேண்டியதில்லை. பஸ்ஸை நிறுத்தி டிரைவர் பக்கத்தில் இஞ்சின் பெட்டி மேல் வைத்துவிட்டால் போதும். அவரைக்காய், மலைவாழை, மருந்து, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தான் இறங்கும். நான் என் மனைவிக்கு அனுப்பியது தண்ணீர். போன புதிதில் அவள் போனில் ஒரு வார்த்தை சொன்னாள்: "இங்க டீ போட்டா கலரு எறங்குது, ருசி எறங்க மாட்டேங்குது." அவ்வளவுதான். வேறு எதையும் அவள் கேட்டதில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலைப் பஸ்ஸில், கலர் குடித்துக் கழுவிய பெரிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் ஊற்றுத் தண்ணீர் பிடித்து அனுப்புவேன். பழநி பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்கடைக்காரம்மா வாங்கி வைக்கும். சாயங்காலப் பஸ்ஸில் பாட்டில் திரும்பி வரும். சும்மா வராது. கழுத்துக்குள் நுழைகிற எதையாவது போட்டு அனுப்புவாள். பெரும்பாலும் பொரிகடலை. அதை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து எடுத்துத் தின்பதற்குள் பொழுது போய்விடும். எனக்குப் பொழுது போவதுதானே வேண்டும்.

பிறகு மலையில் பிளாஸ்டிக் பாட்டில் கூடாது என்று வந்தது. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. என் கடைக்குப் பின்னால் சரிவில் என்ன கிடந்தது என்று பார்த்தவன் நான். ஒரு காட்டுமாடு சிப்ஸ் பாக்கெட்டை வெற்றிலை மாதிரி மென்றுகொண்டு என்னையே பார்த்தது. அன்றைக்கு நான் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். சட்டம் வந்ததும் பாட்டில் விற்பதை நிறுத்தினேன். ஆனால் மனைவியின் பாட்டிலை நான் பாட்டிலாகவே நினைக்கவில்லை. அது கடிதம் மாதிரி ஒன்று.

மலையடிவாரச் செக்போஸ்ட்டில் அப்படி நினைக்கவில்லை. ஒரு சாயங்காலம் மேலே ஏறுகிற பஸ்ஸைச் சோதித்து, பொரிகடலை பாட்டிலை எடுத்து, யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். கண்டக்டர் என் கடையைக் கைகாட்டிவிட்டார். மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் அம்மா ஜீப்பில் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், சிரிக்காத முகம்.

"மொதத் தடவைன்னா அபராதம். ரெண்டாந்தடவை கடைக்கு சீல்" என்றார்.

"அது விக்கிற பாட்டில் இல்லம்மா. சம்சாரம் பொரிகடலை அனுப்புன பாட்டில்."

"கடலைக்குத் தனிச் சட்டம் இல்லைங்க" என்று சொல்லி, அபராத ரசீதை எழுதிக் கையில் கொடுத்தார்.

நானும் பசுமைக்கு மாறினேன். அதாவது மாறப் பார்த்தேன். முதலில் ஸ்டீல் தூக்குவாளி. மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே மூடி கழன்று, பாதித் தண்ணீர் ஒருவருடைய பீன்ஸ் மூட்டை மேலும் மீதி டிரைவர் காலிலும் போய்விட்டது. "அண்ணே, ஒங்க தூக்குவாளிய நிமுத்திப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளு வரணும். எனக்கு டிக்கெட் கிழிக்கிற சோலி கெடக்கு" என்று கண்டக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்ததாக, கொடைக்கானல் பஜாரில் மரை வைத்த பெரிய ஸ்டீல் பாட்டில் ஒன்று வாங்கினேன். ஒரு சொட்டுச் சிந்தாது என்று கடைக்கார பாய் சத்தியம் செய்தார். சிந்தவில்லைதான். போனது, திரும்பி வரவேயில்லை. யாருக்கோ பிடித்துப்போய்விட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: பிளாஸ்டிக் பாட்டிலின் பெரிய குணமே அதை யாரும் திருட மாட்டார்கள் என்பது. இன்னொரு ஸ்டீல் பாட்டில் வாங்க என்னால் முடியவில்லை. தண்ணீர் நின்றது. பொரிகடலையும் நின்றது. போனில், "அங்க மழையா?" "இங்க மழை" என்பதோடு பேச்சும் முடிந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் வளைவுக்கு மந்திரி வருவதாகச் செய்தி வந்தது. எந்த மந்திரி, எந்தத் துறை என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் வயிறு சரியாகவில்லை. காசு போட்டால் தண்ணீர் வருகிற மிஷின் ஒன்றை என் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதைத் திறந்து வைத்து, இது பிளாஸ்டிக் இல்லாத ஊர் என்று அறிவிப்பதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் ஒன்றியத்துக் கட்சிக்காரத் தம்பி ஒருவர் ஒரு பெரிய மண்பானையோடு வந்து இறங்கினார்.

"அண்ணே, மந்திரி பானைத் தண்ணி குடிக்கிற மாதிரி போட்டோ எடுக்கணும்."

"எடுங்க தம்பி. ஊத்துத் தண்ணி இருக்கு, நெறைய ஊத்தி வச்சுர்றேன்."

"ஊத்துத் தண்ணியா? அது அவரு ஒடம்புக்கு ஆகாதுண்ணே. கம்பெனித் தண்ணிதான் குடிப்பாரு. வண்டியில ரெண்டு கேஸ் கெடக்கு. காலையில வெள்ளனே பாட்டிலத் தொறந்து பானையில ஊத்தி வச்சிருங்க."

"காலி பாட்டில?"

"எவன் கண்ணுலயும் படாம ஒழிச்சிருங்க. பிளாஸ்டிக் இல்லாத ஊருல்ல."

"செக்போஸ்ட்டுல எப்பிடி விட்டாங்க தம்பி?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "கொடி கட்டுன வண்டிய எவன் நிறுத்துவான்."

ஒரு கேஸுக்குப் பன்னிரண்டு. ஆக இருபத்துநாலு பாட்டில். காலை ஐந்து மணிக்குப் பானை முன்னால் உட்கார்ந்து முதல் மூடியில் கை வைத்தேன். இதைத் திறந்தால் இருபத்துநாலு காலி பாட்டில். இந்த வளைவில் இன்ஸ்பெக்டர் அம்மா நோட்டில் ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரே ஆள் நான். காலி பாட்டிலைப் புதைத்தால் பன்றி கிளறும், எரித்தால் நாறும், சரிவில் எறிந்தால் அந்தக் காட்டுமாடு திரும்பவும் என்னைப் பார்க்கும். திறக்காத பாட்டில் குற்றத்தில் சேராது என்று என் மூளை சொன்னது. ஐந்து மணிக்கு என் மூளை எதையும் சொல்லும். இரண்டு கேஸையும் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பானையைக் குழாய்க்குக் கீழே வைத்து ஊற்றுத் தண்ணீரை நிரப்பினேன். காலி பாட்டிலுக்குப் பயந்து, தண்ணீரோடு இருபத்துநாலு பாட்டிலை வீட்டில் வைத்துக்கொண்ட புத்திசாலி இந்த மலையில் நான் ஒருவன்தான்.

விழா நன்றாக நடந்தது. பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். அதில் மந்திரி இரண்டு கையும் கூப்பி நின்றார். ரோட்டோரம் பதினைந்து வண்டிகள் இஞ்சினை நிறுத்தாமல் நின்றன. மலைமக்கள் நாட்டுக்கே வழிகாட்ட வேண்டும் என்று மந்திரி பேசினார். பக்கத்தில் மக்காச்சோளம் அவித்து விற்கும் அக்கா எழுந்து, "பிளாஸ்டிக் பையில குடுக்கக் கூடாதுன்னா துணிப்பை யாரு தருவாங்க?" என்று கேட்டது. "மாற்றம் உங்ககிட்டருந்துதாம்மா வரணும்" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அக்கா உட்கார்ந்துகொண்டு, "பையும் எங்ககிட்டருந்தே வரணுமாக்கும்" என்று என் காதில் சொன்னது.

மந்திரி பானைத் தண்ணீர் குடித்தார். போட்டோவுக்கு ஒரு டம்ளர். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு டம்ளர். இன்ஸ்பெக்டர் அம்மாதான் தட்டில் வைத்து நீட்டினார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் பேப்பரில், மந்திரிக்கு உடல்நலக் குறைவு, நிகழ்ச்சிகள் ரத்து என்று மூன்று வரி. டீக் குடிக்க வந்த லாரி டிரைவர் அதைச் சத்தமாகப் படித்தார். நான் அவருக்கு டீ என்று நினைத்து வெறும் வெந்நீரைக் கொடுத்துவிட்டேன். அவர் போனதும் மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏ புள்ள, மந்திரிக்கு ஒடம்பு சரியில்லையாம்."

"அதுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன்.

"நாம காலங்காலமா குடிக்கிற தண்ணிதானங்க அது."

"நமக்கு ஒண்ணும் ஆகாது. அவரு பழகாத ஒடம்பு. என்னைய உள்ள தூக்கி வச்சிட்டா?"

"வச்சா வேளைக்குச் சோறு போடுவாங்க. கொஞ்சம் சதை பிடிச்சு வருவீங்க. வைங்க, பிள்ளை தூங்குது."

வைத்துவிட்டேன். அவள் பக்கம் பிள்ளை தூங்கியது, என் பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அதற்கு முன்னால் எனக்கு அவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை. ஜெயிலுக்கு என்று இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் எடுத்து ஒரு மஞ்சப்பையில் வைத்தேன். கைதாகும்போதாவது பிளாஸ்டிக் இல்லாமல் கைதாக வேண்டும் என்று ஒரு நினைப்பு. போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்று அடுப்பிடம் சொல்லிப் பார்த்தேன். நாலு விதமாகச் சொன்னேன். நாலிலும் மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் பனி கீழே இறங்கி ரோட்டையே மறைத்துவிட்டது. ஒரு வண்டி நிற்கவில்லை. பிடிக்கவாவது யாராவது வரமாட்டார்களா என்று ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் கட்சிக்காரத் தம்பியின் ஜீப் வந்தது. நான் மஞ்சப்பையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எங்கண்ணே, ஊருக்கா?"

"மந்திரிக்கு எப்பிடித் தம்பி இருக்கு?"

"சளிண்ணே. ஒங்க ஊரு பனி ஒத்துக்கலை. பானைய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன், வீட்டுல கேக்குறாங்க. பாட்டிலெல்லாம் ஒழிச்சாச்சா?"

"ஒழிச்சாச்சு தம்பி" என்றேன். அவருக்குப் பேனரைக் கழற்றிக்கொண்டு போக நேரமில்லை. அதை நான் எடுத்து, ஒழுகுகிற கூரைக்கு உள்பக்கமாக, அடுப்புக்கு நேர் மேலே கட்டினேன். முகம் கீழே பார்த்தபடி. காலையில் எழுந்தால் எனக்கு வணக்கம் வைக்கிற ஒரே ஆள் இப்போது மந்திரிதான்.

மிஷினில் மூன்றாவது வாரம் தண்ணீர் நின்றது. ஏதோ ஒரு ஃபில்டர் மாற்ற வேண்டுமாம். பஞ்சாயத்தில், அந்த ஃபில்டருக்கு ஆகிற செலவில் தெருவிளக்கு போட்டுவிடலாமே என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். டூரிஸ்ட்டுகள் காசைப் போடுவார்கள், மிஷினை ஒரு தட்டு தட்டுவார்கள், பிறகு என்னிடம் வந்து பாட்டில் கேட்பார்கள். ஊற்றுத் தண்ணீரைச் செம்பில் நீட்டினால், "ஃபில்டர் பண்ணதா?" என்பார்கள். "மலையே ஃபில்டர்தானுங்க" என்பேன். சிரித்துவிட்டு, டீயும் குடிக்காமல் காரில் ஏறிப் போய்விடுவார்கள்.

கட்டிலுக்கு அடியில் இருபத்துநாலும் அப்படியே இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இறங்குகிற பஸ் ஹாரன் அடித்தது. அப்போதுதான் உறைத்தது: ஏறுகிற பஸ்ஸைத்தான் சோதிக்கிறார்கள். இறங்குவதை யாரும் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பாட்டில் மந்திரித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தேன். அதில் ஒரு ருசியும் இல்லை. தொண்டை நனைந்தது, அவ்வளவுதான். காலியானதில் ஊற்றுத் தண்ணீர் பிடித்து பஸ்ஸில் வைத்தேன். மத்தியானம் போன் வந்தது.

"என்னங்க, காசு குடுத்துத் தண்ணி வாங்கி அனுப்புறீங்க? கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"குடிச்சுப் பாத்துட்டுப் பேசு."

அரை மணி கழித்து மறுபடியும் கூப்பிட்டாள்.

"டீ போட்டேன்."

"ம்."

"நம்ம தண்ணி."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

அதிலிருந்து வாரம் இரண்டு. பாட்டில் திரும்பி வர வேண்டியதில்லை; காலியை அங்கேயே பழைய சாமான் கடையில் போட்டுவிடுவாள். போக்கு உண்டு, வரத்து இல்லை. பொரிகடலை இல்லாத ஒரு குறைதான். உலகத்திலேயே நல்ல தண்ணீர் வாசலில் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்து கம்பெனித் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிற ஆளாக நான் இருந்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கட்டிலுக்கு அடியில் கனம். படுக்கும்போது மட்டும் பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ் தாமதம். கையில் பாட்டிலோடு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு வண்டி வந்தது. பஸ் என்று கை காட்டினேன். நின்றது ஜீப். இன்ஸ்பெக்டர் அம்மா இறங்கினார். ஓடுகிற ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தி மாட்டிக்கொண்ட குற்றவாளியை அவரும் அன்றுதான் பார்த்திருப்பார்.

அவர் லேபிளைப் பார்த்தார். அன்றைக்குக் கட்சிக்காரர் வண்டியில் அடுக்கியிருந்த அதே கம்பெனி. அவர் கேட்பதற்கு முன்னால் என் வாய் ஓட ஆரம்பித்துவிட்டது. பானை, ஐந்து மணி, காட்டுமாடு, முழங்கால், பொரிகடலை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மந்திரிக்கு ஊற்றுத் தண்ணீர் கொடுத்ததைக்கூட.

"அன்னைக்கு நானும் ரெண்டு டம்ளர் குடிச்சேன்" என்றார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?"

"ஆகலை." உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அது?"

"மழைக்கும்மா. ஒழுகுது."

கூப்பிய கையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "கொடி கட்டுன வண்டி வந்தா நான் ஓரமா நின்னு வணக்கம் வைக்கணும். என்னால நிறுத்த முடிஞ்சது ஒங்க பஸ்ஸு ஒண்ணுதான்" என்றார். யாரிடமோ சொல்வது போல இருந்தது. பிறகு என்னிடம், "இன்னும் எத்தனை கெடக்கு?"

"இதோட சேத்துப் பதினொண்ணும்மா."

"பதினொண்ணும் எறங்கட்டும். அதுக்கு மேல ஒண்ணு கண்ணுல பட்டாலும் சீல்தான். அப்ப முழங்கால் கதையெல்லாம் கேக்க மாட்டேன்."

பதினொன்றும் இறங்கின. கடைசிப் பாட்டிலை பஸ்ஸில் வைத்த அன்று கட்டிலுக்கு அடியில் கூட்டிப் பெருக்கினேன். ஒரு எலிப்பொறியும் பழைய செருப்பும் மட்டும் இருந்தன. அடுத்த செவ்வாய் பஸ் ஹாரன் அடித்தது. நான் வெளியே வரவில்லை.

அந்த வாரமே கட்சிக்காரத் தம்பி போன் செய்தார். "அண்ணே, அடுத்த செவ்வாக்கெழமை மரம் நடுற விழா. மந்திரி அதே எடத்துல நிக்கிறாரு. பானை கொண்டாறேன், ரெண்டு கேஸும் கொண்டாறேன். போன தடவ மாதிரியே கச்சிதமா முடிச்சிருங்க."

ரெண்டு கேஸ் என்றதும் என் மனசு துள்ளிய துள்ளலை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்னும் பன்னிரண்டு வாரம். கூரையில் கைகூப்பி நிற்கிறவரைப் பார்த்து வாய்க்கு வந்ததெல்லாம் பேசுகிற நான், அவர் வண்டியில் வருகிற பிளாஸ்டிக்குக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா சொன்ன சீலும் ஞாபகம் வந்தது. வயிறு வழக்கம்போல முந்திக்கொண்டது.

"அன்னைக்கு எனக்குப் பழநியில சோலி இருக்கு தம்பி" என்றேன்.

"விழா அன்னைக்குக் கடைய அடைப்பீங்களா? ஐநூறு டீ ஓடுமேண்ணே."

"ஓடும்" என்றேன். அது எனக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை தூக்குவாளி நிறைய ஊற்றுத் தண்ணீர் பிடித்து, மூடியை ஒரு துணியால் கட்டி, கடையைப் பூட்டினேன். எந்தப் பூட்டு விழக் கூடாது என்று இத்தனை நாள் நடுங்கினேனோ அதை நானே போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பஸ்ஸில் தூக்குவாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நிமுத்திப் பிடிக்க ஆளு கெடைச்சிருச்சாண்ணே" என்றார் கண்டக்டர்.

"கெடைச்சிருச்சு. சம்பளம் இல்லாத ஆளு."

ஒன்றரை மணி நேரம். வளைவு வலது பக்கம் திரும்பினால் நான் இடது பக்கம் சாய வேண்டும். ஏழாவது வளைவில் எதிரே கொடி கட்டிய வண்டிகள் வரிசையாக ஏறி வந்தன. எங்கள் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டு ஓரம் கட்டினார். அரைச் செம்புத் தண்ணீர் என் வேட்டியில். வண்டிகள் போய் முடிகிறவரை நனைந்தபடி உட்கார்ந்திருந்தேன். பசுமைக்கு மாற எங்களைப் போன்ற ஊர்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று மேடையில் கேட்கிறார்களே, அந்தக் கணக்கில் ஒரு ஆளை விட்டுவிடுகிறார்கள். வாளியை மடியில் வைத்துக்கொண்டு சோலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டும்.

முதல் நாளே போனில் சொல்லியிருந்ததால் பூக்கடைப் பக்கம் மனைவி நின்றிருந்தாள். முன்னைவிட மெதுவாக நடந்தாள். வாளியைத் திறந்து பார்த்தாள்.

"கொறையாக் கெடக்கு?"

"மந்திரிக்கு வழி விட்டதுல கொஞ்சம் போச்சு."

"கடை?"

"பூட்டிருக்கு."

அவள் என் வேட்டியைப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள், எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். மீதியை வீட்டிலிருந்து கொண்டுவந்த குடத்தில் ஊற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வாங்க என்றாள். மருமகன் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றாள். திரும்புகிற பஸ் வரும்வரை அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். பேச ஒன்றுமில்லாமல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நினைத்தேன்.

செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். காவலர் என் மடியைப் பார்த்துவிட்டு, "என்ன அது, தெறங்க" என்றார். திறந்தேன். பாட்டில் கழுத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று அவள் வாளி நிறையப் பொரிகடலை போட்டிருந்தாள். ஒரு கை அள்ளிக்கொண்டு, "போங்க" என்றார்.

கடைக்கு வந்து பூட்டைத் திறந்தபோது விழாக் கூட்டம் கலைந்திருந்தது. புதிதாக நட்ட ஒரு கன்று, அதைச் சுற்றி எத்தனையோ காலி பாட்டில். எண்ணவில்லை. ஒன்றைக்கூட எடுக்கவும் இல்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, மந்திரியின் வணக்கத்துக்குக் கீழே உட்கார்ந்து பொரிகடலை தின்றேன். வாரம் ஒரு நாள் கடையைப் பூட்டினால் எத்தனை மாதம் தாங்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதிக நாள் தாங்காது. தூக்குவாளியைக் கழுவி, செவ்வாய்க்கிழமைக்கு என்று குழாய்ப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.